பாட்டியிடம் பரீட்சை வேண்டாம்



எல்லாம் மறந்துபோன பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? வருகிறவர்கள் எல்லாரும் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!" என்பதுதான். நானும் என் தாயாரிடம் தினமும் இதையே கேட்டேன். பதில் வராதபோது, "மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் ஓடினேன். பௌதிகம் கற்பிப்பவன் அல்லவா, எதற்கும் எனக்கு அளவும் விடையும் வேண்டும்!

அந்த மாத்திரை என்ன செய்கிறது? மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதை முதலில் எடுத்துரைத்தார். இந்நோயில் மூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. அணுவிலிருந்து அணுவுக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளும் குறைகிறது.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் நீர் விழுகிறது. அடியில் ஓட்டை வழியே வெளியேறுகிறது. ஓட்டையைப் பாதி அடைத்தால் நீர்மட்டம் சற்று உயரும். 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனெபெசில் செய்வது இதுவே. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. ஆனால் மேலே குழாயே வற்றிக்கொண்டிருந்தால்? மடிந்த அணுவை எந்த மாத்திரையும் எழுப்புவதில்லை. 2003-ல் அங்கு அனுமதி பெற்ற மெமான்டின் வேறு வழியில் வேலை செய்கிறது. அதுவும் நோயை நிறுத்துவதில்லை. 2023-ல் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் நோயின் தொடக்க நிலைக்கு மட்டுமே உரியது.

அப்படியானால் மாத்திரை வீண் என்று நாமே நிறுத்திவிடலாமா? கூடாது. 2012-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நோய் வளர்ந்துவிட்டவர்களிலும் டோனெபெசிலை நிறுத்தியவர்களைவிடத் தொடர்ந்தவர்கள் சற்று மேலாக இருந்தனர். மறுபுறம், அதனால் குமட்டல் வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் சொல்ல வருவது வேறு. கடைசி நிலையில் மாத்திரையால் ஆகாத வேலைகளே அதிகம். விழுங்குவதே கடினமாகிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரக்கூடும். ஆகவே நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றைக் கொஞ்சமாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வலியை அவர் வாயால் சொல்ல மாட்டார். முகச்சுளிப்பிலிருந்து நாம்தான் அறிய வேண்டும்.

என் வீட்டில் இத்தனையையும் என் மனைவி ஒருவரே செய்துவந்தார். நானோ மாத்திரையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்! அவர் காய்ச்சலில் படுத்த அன்றுதான் நான் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். நாலாவது வாயில் அம்மாவுக்குப் புரையேறியது. நான் நடுங்கிப்போனேன். அந்த ஒரு கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பரீட்சை அம்மாவுக்கு அல்ல, எனக்குத்தான் என்று அன்று தெரிந்தது.

ஆகவே, பாட்டியிடம் கேள்வி கேட்காதீர்கள். "பாட்டி, உங்கள் பேரன் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் பாடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் அவர் அருகில் அமர்ந்து, உங்கள் அம்மாவுக்கு ஓய்வு கொடுங்கள். இந்த நோய்க்கு நாளை மருந்து காண்பவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் இன்றைய சோற்றை ஊட்ட இன்றே ஓர் ஆள் வேண்டுமே!