நம் கல்லூரி வாயிலில் ஒரு சட்டமன்ற உறுப்பினர்

செஞ்சிக்கு வடக்கே உள்ள சிங்கவரம் என் சொந்த ஊர். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயில் அங்கே இருக்கிறது. ராஜா தேசிங்கு போருக்குப் புறப்படும் முன் அங்கே விடை கேட்டான் என்றும், போகவேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓர் ஆண்டு கூட இல்லை. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். 300 ஆண்டுகள் கடந்தும் அவன் கதை வாழ்கிறது. 2025-இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது. மகிழ்ச்சிதான்!

ஆனால் நண்பர்களே, நாம் நாள்தோறும் நுழையும் இக்கல்லூரியின் வாயிலில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது? 'திரு ஆ. கோவிந்தசாமி' என்பவர் யார்? என் வகுப்பில் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். "நிலம் கொடுத்த பணக்காரராக இருப்பார்" என்றான் ஒருவன். "விடுதலைப் போராட்ட வீரர்" என்றாள் ஒருத்தி. அவர்களைக் குறை சொல்லவில்லை. முதலாண்டு முழுவதும் நானும் அறியாதவனாகவே இருந்தேன்.

அவர் நம் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1952-இல், விக்கிரவாண்டியில் உழைப்பாளர் கட்சியின் சார்பில் வென்றார். 1957-இல் வளவனூரில் வென்றார். 1967-இல் முகையூரில் தி.மு.க. உறுப்பினராக வென்று, பேரறிஞர் அண்ணாவின் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். 1969-இல் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். வளவனூர், முகையூர் என்னும் தொகுதிகளே இன்று இல்லை. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது.

"கட்சி மாறியவர்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 1952-இல் தி.மு.க. தேர்தலில் நிற்கவில்லை. தன் கொள்கைக்கு உறுதிமொழி தந்த வேட்பாளர்களை ஆதரித்தது. அத்தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வன்னியர் திரட்சியில் பிறந்த உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள் கிடைத்தன. அந்த 19 பேருக்கு அன்று எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! 1954-இல் காமராசர் அமைச்சரவை அமைந்தபோது அக்கட்சியின் தலைவர் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியார் அமைச்சரானார். கட்சியும் காங்கிரசில் கரைந்தது. கோவிந்தசாமி அவ்வழியில் செல்லவில்லை. ஆட்சியைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாத தி.மு.க.வின் பக்கம் சென்றார். 1957-இல் 205 பேர் கொண்ட அவையில் அந்த அணியினர் 15 பேர் மட்டுமே. இலாபம் கருதி மாறுபவர் அதிகாரம் இருக்கும் பக்கம் அல்லவா மாறுவார்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சாதியின் பலத்தில் வென்றவர், அந்தப் பலத்தை மட்டுமே நம்பி இராமல் பொதுக் கட்சி ஒன்றிற்கு வந்தார். முதலில் உறுப்பினரானதற்கும் அமைச்சரானதற்கும் இடையே 15 ஆண்டுகள். அமைச்சராக இருந்தது சுமார் இரண்டே ஆண்டுகள். அந்த வேளாண்மைத் துறையும் அப்போது அலங்காரப் பதவியன்று. மழை பொய்த்து அரிசிப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம் அது. ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 போன்ற புதிய நெல் வகைகள் வயலுக்கு வந்துகொண்டிருந்த நேரமும் அதுதான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இன்று சட்டமன்ற உறுப்பினர் என்றால் நம் மனத்தில் தோன்றுவது யார்? திருமணத்திற்கு வந்து மொய் வைப்பவர், காதணி விழாவில் வாழ்த்துபவர், சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர். இந்த எண்ணம் என் வீட்டிலேயே இருந்தது. என் தந்தையார் குத்தகை நிலத்தில் மல்லாட்டை பயிரிடுபவர். தாயார் களை எடுக்கப் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். எனக்கு இடம் கேட்டு அப்பா ஓர் அரசியல் பிரமுகரின் வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்றார். வேலை கெட்டது, கூலி கெட்டது. பகல் ஒரு மணிக்கு, "ஐயா சென்னைக்குப் போய்விட்டார்" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு அப்பா, "நமக்குன்னு எடுத்துச் சொல்ல ஆளு இல்லடா" என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

ஆனால் எனக்கு இடம் கிடைத்தது! யாருடைய கடிதத்தாலும் அன்று. மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் எனக்கு அந்த இடத்தைத் தந்தன. அரசு நடத்தும் இக்கல்லூரி தந்தது. இவையெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஓர் அவையில், எவரோ எழுந்து பேசி, வாதாடி, வாக்களித்து வந்தவை. அப்பாவுக்காக எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்! அவர்கள் பெயர்தான் எங்களுக்குத் தெரியவில்லை. இக்கல்லூரியைக் கோவிந்தசாமியே திறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மறைந்த 1969-ஆம் ஆண்டில் இது தொடங்கப்பட்டது. ஆயினும் இப்பெயர் இங்கே இருப்பது பொருத்தமே என்பேன்.

முதியோர் உதவித்தொகைக்கும் சாலைக்கும் உறுப்பினரிடம் மனுக் கொடுப்பது தவறன்று. ஏழைக்கு வேறு வழி ஏது? ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும் கடிதம் ஒருவரோடு முடிந்துவிடுகிறது. சட்டமோ, கேட்காதவனுக்கும் கிடைக்கிறது. கடிதமே தேவைப்படாத நிலையை உண்டாக்குபவரே நல்ல சட்டமன்ற உறுப்பினர். நாம் கடிதத்தையே கேட்டுக்கொண்டிருந்தால், கடிதம் கொடுப்பவரே நமக்கு வாய்ப்பார்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களின் வரவேற்பு நாளில், இப்பெயருக்கு உரியவர் யார் என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் ஐந்து நிமிடமாவது எடுத்துரைக்க வேண்டும். மற்றொன்று மாணவர்களுக்கு. கல்லூரி விழாவிற்கு எந்தக் கட்சியின் உறுப்பினர் வந்தாலும் பொன்னாடை போர்த்துவோம். அது நம் பண்பாடு. அத்துடன், "ஐயா, இந்த ஆண்டு சட்டமன்றத்தில் எங்கள் பகுதிக்காக என்ன கேள்வி கேட்டீர்கள்?" என்று பணிவோடு ஒன்று கேட்போம். பேரவை நடவடிக்கைகள் அச்சாகும் ஆவணங்கள்தாமே? பதிலைச் சரிபார்க்கவும் முடியும்.

தேசிங்குவின் பிள்ளைகளாகக் குதிரையும் வாளும் பேசியது போதும். வாக்குச்சீட்டின் பிள்ளைகள் நாம். எனக்கு 20 வயது, வாக்கும் இருக்கிறது. கேட்கும் துணிவு நமக்கு இருக்கிறதா?

— சிங்கவரம் மாணவன்,
இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.