சேவலை மாத்துங்க, வம்சத்தைக் காப்பாத்துங்க

எண்ணிக்கை கூடிட்டா ஒரு இனம் பிழைச்சிடுச்சுன்னு நினைக்கிறோம். நாட்டுக்கோழி வளர்க்கிறவங்களுக்கு அது பாதி உண்மைதான்னு தெரியும். ஒரே சேவலை வருஷக்கணக்கா வைச்சு, அதுக்குப் பிறந்த பெட்டைகளையே அதோட சேரவிட்டா, அடைக்கு வைச்ச முட்டை பொரிக்கிறது குறையும். பொரிச்ச குஞ்சும் நோய் தாங்காது.

காரணம் எளிது. எல்லா உயிரிலும் சில பழுதான மரபணுக்கள் மறைஞ்சிருக்கும். தகப்பன் வழி வந்தது பழுதா இருந்தா, தாய் வழி வந்த நல்லது ஈடுகட்டிடும். ரத்த உறவுக்குள்ளேயே சேர்க்கை நடந்தா, ரெண்டு பக்கமிருந்தும் ஒரே பழுது வந்து சேர வாய்ப்பு அதிகம்.

அழியும் பறவைகளைக் கூண்டில் வைத்துப் பெருக்கும் மையங்களுக்கும் இதே கவலைதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டார் என்ற பெரும் கழுகினத்தில் 1987-இல் மிஞ்சியவை 27. எல்லாவற்றையும் பிடித்து வளர்த்தார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன. ஆனால் அத்தனைக்கும் வேர் 14 பறவைகள்தான். எலும்பு சரியாக வளராமல் முட்டைக்குள்ளேயே குஞ்சு சாகும் பரம்பரைக் கோளாறு அவற்றில் தலைகாட்டியது. எதற்கு எது ஜோடி என்பதை வம்சாவளிப் பதிவேடு பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நம்ம நாட்டில் கானமயிலுக்கு ஜெய்சல்மேர் பக்கம் 2019-இல் இந்த வேலை தொடங்கியது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. நல்ல முயற்சி. ஆனால் எந்த மையமும் மிஞ்சிய வம்சங்களைத்தான் காக்க முடியும். தொலைந்ததைத் திருப்பித் தர முடியாது.

பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குவதால், எங்க காட்டூர்ப் பக்கம் இது தூரத்து விஷயமாத் தோணும். பாறுக் கழுகுகளும் ஒரு காலத்தில் நாடு முழுக்க லட்சக்கணக்கில் இருந்தவைதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு 100-க்கு 99-க்கும் மேல் அழிந்தது. வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. இப்போ ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்க்கிறோம். நம்ம மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கு.

அதனால் உழவர்களே, ஏராளமா இருக்கும்போதே காப்பதுதான் காப்பு. கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006-லும், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் 2023-லும் தடையாகிவிட்டன. ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்க. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கேளுங்க.

வீட்டிலும் இதே கணக்குதான். சொந்தமில்லாத சேவலை வேற ஊர்க்காரரோடு மாத்திக்குங்க. எது எதுக்குப் பிறந்ததுன்னு ஒரு நோட்டில் எழுதுங்க. கம்பு, மக்காச்சோளம் மாதிரி அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிருக்கு, நாலஞ்சு நல்ல கதிரோட நிறுத்தாம, நூறு செடியிலிருந்து விதை எடுங்க. ஒரு பண்ணையில் மட்டும் இருக்கும் இனம், கூண்டில் இருக்கும் இனம் மாதிரிதான். பல கைகளில் பரவியிருந்தால்தான் அது பிழைக்கும்.