கோதாவில் புதுக் கடை!

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த 'எம்.எம்.ஏ.' சண்டைக்கு அமெரிக்காவில் ஏகக் கிராக்கி. 2001-ல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யு.எப்.சி. கம்பெனி, 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விலைபோனது. வாயில் எச்சில் ஊறாதா? ஆளாளுக்குக் கோதா கட்டினார்கள். பலரும் போண்டி!

'அப்ளிக்ஷன்' கதையைக் கேளுங்கள். டி-சர்ட் விற்ற கம்பெனி. 2008 ஜூலையில் கலிபோர்னியாவில் முதல் சண்டை. ரஷ்ய வீரர் பெடோர், முன்னாள் சாம்பியன் டிம் சில்வியாவை 36 வினாடியில் மடக்கினார். வீட்டில் பார்க்கத் தனிக் கட்டணம். அதே ராத்திரி யு.எப்.சி. என்ன செய்தது? தன் சண்டையைத் தனிக் கட்டணம் இல்லாமல் டி.வி.யில் காட்டியது! பக்கத்துக் கடையில் சும்மா கொடுத்தால் இங்கே யார் காசு கொடுப்பார்கள்?

2009 ஆகஸ்டு 1-ல் மூன்றாவது சண்டை. பெடோரின் எதிராளி ஊக்கமருந்து சோதனையில் தேறவில்லை. மொத்த நிகழ்ச்சியும் ரத்து. கம்பெனி கோதாவை மூடிவிட்டு, யு.எப்.சி.க்கே மறுபடி விளம்பரம் கொடுக்கப் போனது. பட்டியலில் இருந்த மற்ற வீரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

2025-லும் இதே கூத்துதான். 'குளோபல் பைட் லீக்' பிரபல வீரர்களைச் சேர்த்தது. மே மாதம் தொடக்கம் என்றது. பணம் போட வந்தவர் பின்வாங்க, சண்டை நடக்கவில்லை.

புதுக் கம்பெனி வரட்டும். ஒரே கடை என்றால் அது வைத்ததுதான் கூலி. ஆனால் வீரர்களின் சம்பளத்தை முன்கூட்டியே டெபாசிட் கட்டிவிட்டு டிக்கெட் விற்கட்டும். நிகழ்ச்சி ரத்தானால் அதிலிருந்து நஷ்டஈடு தரட்டும்.

கோதாவில் அடி வாங்குகிறவன் வயிற்றிலும் அடிக்கலாமா?