நீட்டுக்கு முன்னால் இரண்டு கோடைகள்

மருத்துவம் படிக்க ஆசைப்படும் தமிழக மாணவருக்குக் கோடை விடுமுறை என்று சொல்லிக்கொள்ள இரண்டுதான் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வருவது ஒன்று. பிளஸ் ஒன் முடிந்ததும் வருவது இன்னொன்று. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்தால், மே மாதத் தொடக்கத்தில் நீட் வந்துவிடுகிறது. இடையில் கிடைக்கும் நாட்கள் மாதிரித் தேர்வுகளிலேயே போய்விடும். அந்த இரண்டு கோடைகளை என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வருகிறது: கோச்சிங் சென்டர்.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வை நாடு முழுக்க 22 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். 180 நிமிடங்களில் 180 கேள்விகள். அவற்றில் 90 உயிரியல். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். பாடத்திட்டமோ பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புகளுக்கும் உரியது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தை நடத்தும் பழக்கம் இங்குள்ள பல தனியார் பள்ளிகளில் வேரூன்றி இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதோடு அந்தத் தேர்வு விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே பிளஸ் ஒன் பாடத்தில் விட்ட இடங்களை நிரப்பும் பொறுப்பு இப்போது மாணவருடையது. இரண்டாவது கோடையின் காலைப்பொழுதுகளை இயக்கவியலுக்கும் வேதிப்பிணைப்புக்கும் உடற்செயலியலுக்கும் கொடுப்பது வீண் அல்ல.

ஆனால் இரண்டு கோடைகளையும் முழுசாகக் கொடுத்துவிடுவது தவறு. நோயாளியின் அருகே நிற்க இந்தப் பிள்ளைக்கு மனம் இருக்கிறதா என்று நீட் கேட்பதில்லை.

மற்ற நாடுகளில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கான பொது விண்ணப்பத்தில், தான் ஈடுபட்ட பணிகளாக 15 வரை ஒருவர் பட்டியலிடலாம். அவற்றில் தன்னை அதிகம் பாதித்த மூன்றைப் பற்றி விரிவாக எழுதலாம். மருத்துவமனைத் தொண்டு, மருத்துவர் ஒருவரோடு கூடவே இருந்து பார்ப்பது, ஆய்வகப் பணி என்று அங்குள்ள மாணவர்களின் கோடைகள் கழிவது இதனால்தான். பிரிட்டனில் முதியோர் இல்லத்தில் செய்த பணிக்கும் மதிப்பு உண்டு. இங்கே மதிப்பெண் மட்டுமே பேசுவதால், நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி என்று ஐந்தரை ஆண்டுகளை ஒப்புக்கொடுக்கும் பிள்ளை, ஒரு வார்டின் ஒரு நாளைக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைய முடிகிறது.

இதன் விலை சிறியதல்ல. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் கணக்குப்படி, தமிழகத்தில் 2020-21இல் எம்பிபிஎஸ் இடம் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் மீண்டும் தேர்வெழுதி வந்தவர்கள். ஒரு வருடத்தையும் பெருந்தொகையையும் செலவிடத் துணியும் குடும்பம், இந்த வேலைதான் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தெரிந்துகொள்ள முதல் கோடையே ஏற்ற காலம். பள்ளியில் ஜேஆர்சி (ஜூனியர் ரெட் கிராஸ்) இருந்தால் முதலுதவியிலிருந்து தொடங்கலாம். நின்றுபோன இதயத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும் என்பதைக் கையால் செய்து பழகியவருக்குப் பாடப்புத்தகத்து இதயம் வேறு மாதிரி புரியும். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்களில் நடக்கும் முகாம்கள் வழியாகவே கிராமங்களை எட்டியது. அத்தகைய முகாம்களை உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன. பெயர் எழுதவும் முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் அங்கே எப்போதும் ஆள் வேண்டும். கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் தன்னார்வலர்களின் தோளில்தான் மாநிலம் முழுக்கப் பரவியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு ஒரு வாரம் நடக்கும் மாணவி, மாத்திரை கையில் இருந்தும் ஏன் பலர் சாப்பிடுவதில்லை என்பதை நேரில் கேட்பாள்.

இதற்குக் கண்டிப்பான வரம்புகள் உண்டு. மருத்துவ அலுவலரின் அனுமதி வேண்டும். ஊசியையோ காயத்தையோ தொடக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. கேட்ட நோய் விவரம் வீட்டு வாசல் தாண்டக்கூடாது. பார்த்ததை இரவில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம், நோயாளியின் பெயர் இல்லாமல். பார்த்தபின் 'இது எனக்கு ஒத்துவராது' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதையும் ஆதாயமாகவே பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் விவசாயக் கூலியின் மகளுக்கு அப்படிக் கிடைக்காது. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய படியையும் அரசே அமைத்துத் தர வேண்டும். மருத்துவக் கல்லூரிகளே 2019 முதல் அடிப்படைப் பயிற்சி வகுப்போடு முதலாண்டைத் தொடங்குகின்றன; குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்கீழ் மாணவர்களைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்புகின்றன. கல்லூரியில் அவசியம் என்று ஒப்புக்கொண்ட ஒன்றின் சிறு பகுதியைப் பள்ளிக் கோடையிலேயே தரலாம்.

பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து, விரும்பும் மாணவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆண்டுதோறும் மே மாதம் பத்து நாள் பார்வையாளர் பயிற்சி அளிக்க வேண்டும். அதுவரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கோடைக்கான கோச்சிங் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையோடு போய் அனுமதி கேளுங்கள்.