கோடரிக் காம்பு

குலத்தைக் கெடுப்பவனைக் ‘கோடரிக் காம்பு’ என்று ஏசுவது நம்மவர் வழக்கம். மரத்திலே பிறந்து மரத்தையே வெட்டத் துணை போவதால் அதற்கு இந்த அபகீர்த்தி. நாமும் அவ்வாறு பலரை ஏசியவர்களே. சென்ற பொங்கலன்று நேர்ந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் காம்பின் பெருமை நமக்குப் புலனாயிற்று.

அன்று காலை முற்றத்து அடுப்பை மூட்டச் சிராய் வேண்டியிருந்தது. பரணில் கிடந்த கைக்கோடரியை எடுத்தோம். காம்பு ஆடுவதைக் கண்டும், இரண்டு விறகுதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். மூன்றாவது வீச்சில் இரும்பு கழன்று பறந்து, கோலமிட்டுக்கொண்டிருந்த நம் சிறு பெண்ணுக்கு ஒரு சாண் அப்பால் விழுந்தது. குழந்தைக்குக் காயமில்லை; பகவான் காப்பாற்றினார். நம் கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் அதைத் தச்சுப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். முதிய தச்சர் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரய்யா, இதைத் தண்ணியிலே ஊறப் போட்டீங்களா?” என்றார். போட்டது வாஸ்தவந்தான். நனைந்த மரம் உப்பித் துளையை இறுகப் பற்றும்; உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாய்ச் சுருங்கிவிடும் என்று அவர் விளக்கினார். உலர்ந்த கருவேலங்கட்டையில், நார் சாயாமல் நீளவாட்டில் ஓடும் துண்டாகத் தேர்ந்து காம்பு செதுக்கினார். அதன் நுனியைப் பிளவாக அறுத்து, துளையில் ஏற்றி, பிளவில் ஆப்பு அடித்தார். வேலை அவ்வளவுதான்.

நிற்க. கைக்கோடரி ஒரு கையால் ஆள்வதற்கென்று அமைந்த கருவி. சிராய் பிளக்கவும், முளைக்குச்சி சீவவும், வேலிக் கிளை கழிக்கவும் அது உதவும். பெருமரம் வீழ்த்த அது ஏற்றதன்று. விறகைக் கட்டையின்மீது நிறுத்தியே பிளத்தல் வேண்டும். நிற்காத விறகை விரலால் பிடிக்காமல் வேறொரு குச்சியால் தாங்குதல் நலம். மழுங்கிய வாய் மரத்தில் பதியாமல் வழுக்கும். ஆகவே கூரான வாயைவிட அதனால் அபாயம் அதிகம். வெட்டும் திசையில் காலோ குழந்தையோ இருத்தலாகாது.

திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுள் கைக்கோடரிகளும் உண்டு. அவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவற்றுக்குக் காம்பு கிடையாது; ஆதி மனிதன் கல்லை உள்ளங்கையிலேயே பற்றி வெட்டினான். கல்லோடு கழியை இணைக்கும் யுக்தி பிற்காலத்தது. அந்த யுக்தியினால் கைக்கு நீளமும் வீச்சுக்கு வேகமும் கிடைத்தன. நாம் ஏசும் காம்பு, மனித புத்தியின் பெரிய வெற்றிகளுள் ஒன்று!

கைத்தொழிலின் வாயிலாகவே குழந்தைகள் கல்வி பெறவேண்டுமென்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அதை நாம் வகுப்பிலே எத்தனையோ முறை விளக்கி, பரீட்சையில் கேள்வியும் கேட்டிருக்கிறோம். ஆயினும் ஓர் ஆப்பு அடிக்க நமக்குத் தெரியவில்லை; அந்த அறியாமைக்கு நம் குழந்தையல்லவா விலை கொடுக்க இருந்தாள்?

இப்பொழுது கோடரி பரணில் இல்லை. கைக்கெட்டும் உயரத்தில், உறையுடன் சுவரில் தொங்குகிறது. நாம் அதை எடுக்கும்போதெல்லாம் அவள் ஓடி வந்து காம்பை அசைத்துப் பார்க்கிறாள். “ஆடலை அப்பா, வெட்டலாம்” என்று அவள் உத்தரவு தந்த பிறகே விறகில் கை வைக்கிறோம்.