பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு எந்தத் துப்பாக்கி?

பிஜிஎம்ஐ ஆடுற எல்லாருக்கும் யூஎம்பி தெரியும். ஃப்ரீ ஃபயர் கோஷ்டிக்கு எம்பி40. ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு, ஆடுறவங்கள்ல பாதிப் பேர் கவனிச்சிருக்க மாட்டாங்க. பார்க்க நீளமா இருந்தாலும் ரெண்டுலயும் உள்ளே போறது பிஸ்டல் தோட்டாதான். தோளில் வைத்துச் சுடலாம், உதைப்பு கம்மி, தோட்டாவும் மலிவு. இதே யோசனையை எடுத்து, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுன்னு மாத்தி, அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விக்கிறாங்க. பிஸ்டல் காலிபர் கார்பைன்னு பேர். ஹை-பாயின்ட் 995, கெல்-டெக் சப்-2000, ரூகர் பிசி கார்பைன் என்று யூட்யூபில் ஒப்பீட்டு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு. ஹாஸ்டல்ல ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பார்த்துட்டு "மச்சான், இதுல எது நம்ம ஊர்ல கிடைக்கும்?"னு கேட்கிறவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதுவும் கிடைக்காது. ஆனா ஏன் கிடைக்காதுங்கிறதும், அதுக்குப் பதிலா எது கிடைக்கும்ங்கிறதும் கொஞ்சம் சுவாரசியமான விஷயம்.

முதல்ல அது ஏன் மலிவுன்னு பார்ப்போம், மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். 9 எம்எம் குண்டு ஒன்று ஏழரை கிராம் எடை. வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 3 கிலோகிராம் மீட்டர்/வினாடி. நியூட்டன் மூன்றாம் விதிப்படி பின்பக்கமும் அதே உந்தம் வரணும். பின்னால் முக்கால் கிலோ இரும்புக் கட்டி ஒன்றை ஸ்பிரிங்கோடு வைத்துவிட்டால் அது வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மெதுவாகப் பின்வாங்கும். அது திறந்து முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும், அழுத்தமும் இறங்கிவிடும். பூட்டு வேண்டாம், கேஸ் பிஸ்டன் வேண்டாம். வெறும் எடைதான் பாதுகாப்பு. இதுக்குப் பேர் ப்ளோபேக். ஹை-பாயின்ட் முந்நூறு டாலரைச் சுற்றி விற்க முடிவதற்குக் காரணம் இந்த எளிமைதான். ரூகர்காரன் அதே கட்டிக்குள் டங்ஸ்டன் எடை ஒன்றை நகரும்படி வைத்து உதைப்பைக் குறைத்திருக்கிறான். அதுக்குத்தான் கூடுதல் காசு. கெல்-டெக் ரெண்டா மடிஞ்சு பைக்குள்ள போகும். என்னைக் கேட்டால் மூன்றில் ரூகர்தான் இன்ஜினியரிங், மற்றது சாமர்த்தியம்.

இந்த ஊர்ல இந்த வகையை நேரில் பார்க்கணும்னா போலீஸ் தோளைப் பாருங்க. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 9 எம்எம் கார்பைன், அதாவது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கின் இந்தியப் பிறப்பு, பல வருஷமா நம்ம காவல்துறைகள்ல இருக்கு. அதுக்கு அப்புறம் ராணுவமும் டிஆர்டிஓவும் சேர்ந்து வடிவமைத்த அஸ்மி வந்தது, 2021-ல் வெளியே காட்டினாங்க, அதுவும் 9 எம்எம். இதெல்லாம் சீருடைக்கு.

நமக்கு ஏன் இல்லைன்னா, 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம். படையும் போலீஸும் பயன்படுத்துற தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாதுங்கிற பழைய பிரிட்டிஷ் கணக்கு அது. அதே கணக்கில்தான் .303 தடை, அதைச் சுத்திப் போகத்தான்.315-னு ஒரு வேட்டை ரைஃபிள் இங்கே உருவாச்சு. அளவுல .303-ஐ விடக் கொஞ்சம் பெரிய குண்டு, ஆனா அது அனுமதி, இது தடை! ஆபத்து எவ்வளவுன்னு பார்த்துப் போட்ட கோடு இல்லை, யார் கையில இருக்குன்னு பார்த்துப் போட்ட கோடு.

சரி, தடையில்லாத ரகத்தில் ஒன்று வாங்கலாமே என்றால், உரிமம் வேணும். 21 வயசு ஆகணும். நம்ம மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகணும், காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி, எல்லாம் முடிந்து ஏன் வேணும்னு ஒரு ஒப்புக்கொள்ளக்கூடிய காரணமும் சொல்லணும். "சும்மா சுட்டுப் பார்க்கணும் சார்" காரணம் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான் மேல்வரம்பு, உரிமம் அஞ்சு வருஷம்.

இதில் காரைக்காலுக்கு மட்டும் ஒரு தனி வேடிக்கை. உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும்னு எழுதியிருக்கும். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் மட்டும்னு எழுதியிருந்தா, வடக்கே பூவம் தாண்டினா தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினா தமிழ்நாடு. இங்கேயிருந்து நம்ம தலைநகரான புதுச்சேரிக்கே துப்பாக்கியோட போக முடியாது, நடுவுல மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்கள் கிடக்கு. வாஞ்சூர் சோதனைச்சாவடியில் பாட்டில் தேடி உங்கள் பையைத் திறக்கிற போலீஸ்காரர் உள்ளே ரைஃபிளைப் பார்த்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

மிச்சம் இருப்பது ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 எம்எம்முக்கு மேற்படாத துளை, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல், இந்த ரெண்டுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. ஆதார் நகலைக் கொடுத்தா பார்சல்ல வீட்டுக்கே வரும். ஒப்பீட்டுக்கு: மேலே சொன்ன 9 எம்எம் கார்பைன் 600 ஜூல் பக்கம். நம்மகிட்ட இருப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. ஆனா 20 ஜூல்னா விளையாட்டுப் பொருள்னு நினைக்காதீங்க. அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக் குண்டை அது வினாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் தள்ளும். கண் போனால் போனதுதான்.

இப்போ தலைப்புக்கு வருவோம். பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏத்துற ரகம். இந்தியத் தயாரிப்பில் பிரிசிஹோல் பேர் அதிகம் அடிபடும். அவங்க அடிப்படையில் ஆழத்துளை போடும் இயந்திரங்கள் செய்யுற மகாராஷ்டிரா நிறுவனம். நீளமான இரும்புக் கம்பியில் நேரான துளை போடத் தெரிந்தவன் துப்பாக்கிக் குழல் செய்ய வந்தது நியாயம்தானே? குழல் தரத்தில் பழைய லோக்கல் மாடல்களுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆனா ஸ்பிரிங் ரைஃபிளுக்குன்னு ஒரு குணம் உண்டு. ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்குது. பிஸ்டன் முனையில் மோதினதும் துப்பாக்கி முன்னால் இழுக்குது. இத்தனையும் நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளதான் இருக்கு. இறுக்கிப் பிடிச்சா ஒரு இடத்துல படும், தளர்வாப் பிடிச்சா வேற இடத்துல படும். பழகியவன் அதை உள்ளங்கையில் சும்மா கிடத்தினாப்பல வச்சுச் சுடுவான். புதுசா வாங்குறவன் முதல் மாசம் முழுக்கத் தப்பு தன் மேலயா துப்பாக்கி மேலயான்னு தெரியாமலே நூத்துக்கணக்குல பெல்லட்டைக் காலி பண்ணுவான். மலிவான ரகம்தான் கத்துக்கக் கஷ்டமான ரகம். யூட்யூப் ரிவியூ எதுவும் இதை முதல் நிமிஷத்தில் சொல்லாது.

ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு வைத்த கேஸ் ராம் கொஞ்சம் தேவலை. அதிர்வு குறைவு, உலோகச் சுருள் மாதிரி களைச்சுப் போகாது. இருந்தாலும் அந்த முன்பின் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்த படி பிசிபி. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு முன்கூட்டியே காத்தை அடைச்சு வச்சு, ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து விடுறது. உள்ளே பெரிசா எதுவும் ஓடாததால் உதைப்பு இல்லைன்னே சொல்லலாம். எங்கே குறி வச்சியோ அங்கே. முப்பது, நாப்பதாயிரத்தில் ஆரம்பிக்கும். கூடவே பம்ப் தனிச் செலவு, அதுதான் பலரும் மறக்கிற பில். கடலோர ஊர்ல கை பம்பு அடிக்கிறதுன்னா ஈரக்காத்தை உள்ளே அடைக்கிறதுன்னு அர்த்தம். காற்றை 200 மடங்கு அழுத்தினா அதில் இருக்கிற நீராவி எங்கே போகும்? தண்ணியாத்தான் வடியும், சிலிண்டர் உள்ளே. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் இங்கே பிசிபி வாங்கவே கூடாது. தெர்மோடைனமிக்ஸ் வகுப்புல தூங்கினவங்க கவனிக்கவும்.

போட்டி ரைஃபிள் வேற உலகம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எல்லாம் லட்சங்கள்ல. அதுக்குமேல ஜாக்கெட், பேன்ட், ஷூ. பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனா முனைப் புள்ளி அளவு. அதுக்குத்தான் இத்தனை செலவு. கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த லட்ச ரூபாய் ரைஃபிள் 8 ஜூல் பக்கம்தான் சுடும், நம்ம பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சாமானில் பாதிகூட இல்லை. பவர் ஜாஸ்தின்னு பெட்டியில் போட்டிருக்கிறதைப் பார்த்து வாங்குறவங்க இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கணும்.

அப்போ பவர் எதுக்கு? வெளிப்படையாகப் பேசுவோம். பெட்டியில் டார்கெட் பேப்பர் படம் இருக்கும். வாங்குறவன் நெடுங்காடு பக்கம் வயலுக்கோ அரசலாற்றங்கரைக்கோ எடுத்துட்டுப் போவான். டெல்டாவில் ஏர்கன்னுக்கு இருக்கும் நிஜமான பழக்கம் கொக்கு, மடையான், புறா. இவற்றைச் சுடுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம்ம தெற்கே கோடியக்கரையில் உலகம் சுற்றி வர்ற பறவைகளுக்குச் சரணாலயம் வைத்திருக்கிறோம், அந்தப் பறவைகளுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம்னு ஒன்று தொடங்கினாங்க; இரண்டாயிரத்துக்கும் மேல் துப்பாக்கிகளை ஜனங்களே கொண்டுவந்து கொடுத்தாங்க. காட்டில் பறவைச் சத்தம் குறைஞ்சு போச்சுங்கிறதுதான் காரணம். உரிமம் தேவையில்லாத இந்த ஒரே துப்பாக்கியையும் நாம் இப்படித்தான் பயன்படுத்துவோம்னா, நாளைக்கு அதுக்கும் உரிமம் கேட்டா எனக்குக் கோபம் வராது.

அதனால என் கருத்து இது: தனியாளா பன்னிரண்டாயிரம் போடாதீங்க. இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு 2,500 போட்டா அம்பதாயிரம். அதில் ஒரு நல்ல பிசிபி, வடிகட்டியோட பம்ப், இரும்புத் தகட்டுப் பெல்லட் பெட்டி எல்லாம் வந்துடும். ஆற்றலைக் குறைச்சு வைக்கக் கூடிய மாடலாப் பாருங்க. 10 மீட்டர் நீளமுள்ள ஒரு அறை எந்தக் காலேஜ்லயும் பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வச்சிருப்பாங்க. டார்கெட் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். சுடுபவருக்குப் பின்னால் மட்டும் ஒரே வாசல். துப்பாக்கி பி.டி. சார் அறையில் பூட்டுக்குள்ள, பெல்லட் வேற பூட்டுக்குள்ள. ஈயத் தூசு இருக்கிறதால காத்தோட்டமும், சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவறதும் கட்டாயம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் இருக்கு, காலேஜ்கிட்ட அனுமதி கேட்கப் போகும்போது அதைச் சொல்லுங்க. பிஸ்டலுக்கு ஜாக்கெட் செலவும் இல்லை.

"இங்க யாருடா இதெல்லாம்"னு கேட்பாங்க. இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர், இங்கேயிருந்து பஸ்ஸில் போற தூரம். வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் அகமதாபாத்தில். டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டவர். கடலூரிலேயே இருந்திருந்தா எங்கே போய்ச் சுட்டிருப்பார்ங்கிறதுதான் கேள்வி. நமக்குப் பெயர் சொல்லும்படியான ரேஞ்சுன்னா திருச்சி ரைஃபிள் கிளப், சுமார் 150 கிலோமீட்டர். 2022 ஜூலையில் அஜித் மாநிலப் போட்டிக்கு அங்கே வந்தப்போ வாசல்ல நின்ன கூட்டத்தை எல்லாரும் ரீல்ஸ்ல பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் திரும்ப அங்கே சுடப் போனாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

நிஜமான தோட்டாவைத்தான் சுட்டுப் பார்க்கணும்னு அடம்பிடிக்கிறவனுக்கும் வழி இருக்கு, செலவே இல்லாத வழி: என்சிசி. அங்கே கையில் கொடுப்பது .22 ரைஃபிள். தரையில் படுத்துக்கிட்டு, பக்கத்துல ஹவில்தார் நின்னு மூச்சைப் பிடிக்கச் சொல்லி அதட்ட, சில குண்டுகள்தான் கிடைக்கும். யூஎம்பி மாதிரி இருக்காது. அதிகாலை பரேடு இருக்கு, அதான் நம்மாளுங்க சேர மாட்டேங்கிறாங்க.

இவ்வளவு சொல்லியும் தனியாத்தான் வாங்குவேன்னா, சரி: கேஸ் ராம் வாங்கு. முதல் ஆறு மாசம் ஸ்கோப் போடாதே, அந்த முன்பின் ஆட்டத்தில் மலிவு ஸ்கோப்பின் உள்கண்ணாடி பெயர்ந்து போகும். தட்டைத் தலைப் பெல்லட் வாங்கு, காகிதத்தில் சுத்தமா வட்டம் வெட்டும். குண்டு இல்லாமல் வெறுமனே ட்ரிகரை இழுக்காதே, பிஸ்டன் போய் முனையில் மோதும். இந்த ஊர் உப்புக்காத்துல குழலில் விரல் ரேகை பட்ட இடமெல்லாம் ஒரு வாரத்துல செம்பழுப்பாத் துரு பூக்கும். ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் துணியால துடைச்சுட்டு வை. உறையோட ஸ்பாஞ்சுக்குள்ள அப்படியே மூடி வச்சா இன்னும் சீக்கிரம் துரு பிடிக்கும்.