ஷிப்ட் முடிந்து வந்தாலும் சுடச்சுட பாட் தாய்!

கடலூர் - சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், பல வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரே நேரம் கிடையாது. பிள்ளைகளுக்கு 8 மணிக்கே பசிக்கும். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு 10 மணி தாண்டிவிடும். அதற்குள் நூடுல்ஸ் ஆறி, கட்டியாகிவிடும்.

இதற்குத் தாய்லாந்து வண்டிக்கடைகளில் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, ஆள் வந்த பிறகே தட்டுத் தட்டாக வதக்குவார்கள். அப்படிச் செய்வதுதான் 'பாட் தாய்'. 1938-ல் பிரதமரான பிபுன்சோங்க்ராம் காலத்தில் அரசே ஊக்கம் கொடுத்துப் பரப்பிய அரிசி நூடுல்ஸ் இது. பெயர்தான் புதுசு, உள்ளே போகும் புளி, பனை வெல்லம், கடலை, காய்ந்த இறால் எல்லாம் நம்மூரிலேயே கிடைக்கும்.

தேவையானவை (2 பேருக்கு): பட்டை அரிசி நூடுல்ஸ் - 150 கிராம், முட்டை - 2, பூண்டு - 4 பல், சுத்தம் செய்த சென்னாக்குன்னி - 1 டேபிள்ஸ்பூன், முளைகட்டிய பயறு - ஒரு கைப்பிடி, வெங்காயத்தாள், வறுத்துப் பொடித்த மல்லாட்டை, எண்ணெய். சாஸுக்கு: கெட்டிப் புளிக்கரைசல் - 3 டேபிள்ஸ்பூன், பொடித்த பனை வெல்லம் - 2 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் - 1 டேபிள்ஸ்பூன்.

முன்கூட்டியே: நூடுல்ஸை வேகவைக்க வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வளையும் பதம் வந்ததும் வடித்து, ஈரத்துணியால் மூடுங்கள். சாஸைக் கொதிக்கவிட்டு வடிகட்டி வையுங்கள்.

ஆள் வந்ததும்: வாணலியைக் காயவைத்து, பூண்டு, சென்னாக்குன்னியை வதக்குங்கள். ஒரு ஆளுக்கான நூடுல்ஸ், பாதி சாஸ் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிரட்டுங்கள். வெந்ததும் ஓரமாக ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றிக் கலந்து, பயறு, வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். ஐந்தே நிமிடம்தான்!

அவரவர் ருசிக்கு: மிளகாய்த்தூள், சர்க்கரை, எலுமிச்சைத் துண்டு, மல்லாட்டைப் பொடியைத் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு, மற்றவர்களுக்குக் காரம் என அவரவரே கூட்டிக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு சோயா சாஸைப் பாதியாக்கி, எலுமிச்சையைக் கூட்டுங்கள். சைவத்துக்கு முட்டை, இறாலுக்குப் பதில் பன்னீர். கடலையோ இறாலோ அலர்ஜி என்றால், அவற்றை அன்றைக்கு அடுப்பங்கரையிலேயே எடுக்க வேண்டாம்.

இனி, கடைசியாக வருபவரின் தட்டிலும் ஆவி பறக்கும்!